சேலத்துச் சரக்கைச் சலுகை வரியில் அண்டை நாடுகளுக்கு அனுப்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கொழும்பிலோ பினாங்கிலோ இருக்கும் வியாபாரி ஜவ்வரிசிக்கு ஆர்டர் கொடுக்கிறார். "சிஓஓ மட்டும் சேர்த்து அனுப்பிடுங்க, டூட்டி குறையும்" என்கிறார். சிஓஓ என்பது பிறப்பிடச் சான்றிதழ்: இந்தச் சரக்கு இந்தியாவில்தான் உருவானது என்பதற்கான அத்தாட்சி. புதிதாக ஏற்றுமதியில் இறங்குபவர்கள் உடனே சான்றிதழுக்கு விண்ணப்பிக்க ஓடுகிறார்கள். அது கடைசிப் படி. சரக்கு தகுதி பெறுமா என்ற கணக்கைப் போடாமலே விலை சொல்லி, பில் போட்டு, கண்டெய்னரும் ஏற்றிய பிறகு சான்றிதழ் மறுக்கப்பட்டால், வித்தியாச வரியை யார் கட்டுவது என்ற தகராறுதான் மிஞ்சும்.

அதனால் இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசைதான் முக்கியம். ஜவ்வரிசி, கொலுசு, ஏற்காட்டுக் காபி, மிளகு ஆகியவற்றை வைத்தே விளக்கியிருக்கிறோம். நூலோ துணியோ அனுப்புபவர்களுக்கும் இதே வரிசைதான். எடுத்துக்காட்டில் வரும் ரூபாய்த் தொகைகள் கணக்கு புரிவதற்காகப் போட்டவை, சந்தை விலை அல்ல.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஐஇசி எனப்படும் இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீடு முதலில் வேண்டும். வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககமான டிஜிஎஃப்டியின் தளத்தில் ₹500 கட்டி எடுக்கலாம். எடுத்ததோடு முடிந்துவிடாது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் அதைப் புதுப்பிக்க வேண்டும். விவரம் எதுவும் மாறாவிட்டாலும் "மாற்றமில்லை" என்று உறுதி செய்தாக வேண்டும். மறந்தால் ஐஇசி முடங்கும். அது முடங்கியிருப்பது பெரும்பாலும் அவசரமான நாளில்தான் தெரியவரும்.

அடுத்து, சரக்கு ஏறப்போகும் துறைமுகத்தில் உங்கள் வங்கியின் ஏடி கோடு, அதாவது ஏற்றுமதிப் பணத்தை வாங்கும் வங்கிக் கிளையின் குறியீடு, பதிவாகியிருக்க வேண்டும். தூத்துக்குடியில் பதிந்தது சென்னைக்கும் செல்லும் என்று நினைத்துக்கொள்ளாமல் கஸ்டம்ஸ் புரோக்கரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஜிஎஸ்டி கட்டாமல் அனுப்புவதற்கான உறுதிமொழிக் கடிதமான எல்யூடி ஒரு நிதியாண்டுக்குத்தான் செல்லும். மார்ச் 31 தாண்டினால் புதியது வேண்டும்.

காபி என்றால் காபி போர்டில் ஏற்றுமதியாளர் பதிவு வேண்டும். மிளகு, ஏலம் என்றால் ஸ்பைசஸ் போர்டு பதிவு. விண்ணப்பத்தில் கையொப்பமிட டிஜிட்டல் கையொப்ப டோக்கனோ ஆதார் வழி இ-கையொப்பமோ தயாராக இருக்கட்டும். ஆதார் வழி என்றால் ஓடிபி வரும் கைபேசி எண் உரிமையாளருடையதா, எப்போதோ வேலையை விட்டுப் போன கணக்கருடையதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

2. எந்த நாடு, எந்த ஒப்பந்தம்

வரிச் சலுகை நாடுகளுக்கிடையிலான வணிக ஒப்பந்தத்தின்கீழ்தான் கிடைக்கிறது. ஒரே நாட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் இருக்கும். இலங்கைக்கு மூன்று உண்டு: 2000 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள இந்திய-இலங்கை தடையற்ற வணிக ஒப்பந்தம், 2006-ல் நடைமுறைக்கு வந்த தெற்காசிய ஒப்பந்தமான சாஃப்டா, ஆசிய-பசிபிக் ஒப்பந்தமான ஆப்டா. வங்கதேசத்துக்கு சாஃப்டாவும் ஆப்டாவும். மலேசியாவுக்கு, தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு 2010-ல் தொடங்கிய ஆசியான்-இந்தியா ஒப்பந்தமும், 2011 ஜூலை 1 முதல் உள்ள இந்திய-மலேசிய இருதரப்பு ஒப்பந்தமும். தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியாவுக்கெல்லாம் ஆசியான்-இந்தியா ஒப்பந்தமே பெரும்பாலும் வழி.

ஒரு சரக்குக்கு ஓர் ஒப்பந்தத்தைத்தான் பயன்படுத்த முடியும். ஒவ்வொன்றிலும் வரிக் குறைப்பு வேறு, தகுதி விதி வேறு, படிவமும் வேறு. "இலங்கைக்கு சிஓஓ" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இருந்தால், யாரோ ஒருவர் ஏதோ ஒரு படிவத்தைத் தேர்ந்தெடுத்துவிடுவார்.

நடப்பில் இல்லாத ஒப்பந்தங்களை நம்பி விலை சொல்வது அடிக்கடி நடக்கும் தவறு. வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள பிம்ஸ்டெக் கூட்டமைப்பு நாடுகளின் தடையற்ற வணிகத்துக்கான சட்டக ஒப்பந்தம் 2004-ல் கையெழுத்தானது. ஆனால் அதன்கீழ் வரிச் சலுகை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆசிய-பசிபிக் நாடுகளின் பெரிய வணிக ஒப்பந்தமான ஆர்செப்பின் பேச்சுவார்த்தையிலிருந்து 2019 நவம்பரில் இந்தியா விலகிவிட்டது. ஆகவே தாய்லாந்து வியாபாரி "ஆர்செப் ரேட்" என்று ஒரு எண்ணை அனுப்பினால், அது நமக்குப் பொருந்தாது என்று அப்போதே சொல்லிவிட வேண்டும்.

நேபாளமும் பூட்டானும் தனி. தரைவழி, ரூபாயில் பில், தனி இருதரப்பு ஏற்பாடுகள் என்று அதன் நடைமுறையே வேறு. இங்கே அதைத் தொடவில்லை.

3. ஹெச்எஸ் கோட்டை உறுதி செய்யுங்கள்

ஹெச்எஸ் கோடு என்பது சுங்கத்துக்காக ஒவ்வொரு பொருளுக்கும் தரப்படும் எண். அதன் முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்கப் பொது. அதற்குப் பின்னால் வருபவை நாட்டுக்கு நாடு மாறும். ஆறு இலக்கத்தை நீங்கள் முடிவு செய்து, வாங்குபவரின் நாட்டில் அதற்கான முழுக் கோடு என்ன என்று அவரையே எழுத்தில் கேளுங்கள். வரிச் சலுகை அவர் நாட்டுக் கோட்டுக்குத்தான் கிடைக்கிறது, நம் கோட்டுக்கு அல்ல.

மரவள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். கிழங்கு 0714.10, கிழங்கு மாவு 1106.20, ஸ்டார்ச் 1108.14, ஜவ்வரிசி 1903.00. நம் ஊரில் ஸ்டார்ச்சையும் "மாவு" என்றே சொல்கிறோம். அதே பழக்கத்தில் பில்லில் எழுதினால் கோடும் விவரமும் முரண்படும். இன்னொன்று: மலேசியாவில் சாகோ என்றால் சாகோ பனையிலிருந்து எடுப்பது. வெறும் "சாகோ" என்று எழுதாமல் "டாபியோகா சாகோ" என்று எழுதுவது பாதுகாப்பு.

ஒப்பந்தங்களின் வரி அட்டவணை பழைய ஹெச்எஸ் பதிப்பில் இருக்கலாம். இப்போதைய கோட்டுக்கும் அட்டவணைக் கோட்டுக்கும் இடையே மாற்றம் வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

4. சலுகையால் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள்

இரண்டு எண்கள் வேண்டும்: ஒப்பந்தம் இல்லாதபோது அந்த நாடு விதிக்கும் சாதாரண சுங்க வரி, ஒப்பந்தத்தின்கீழ் விதிக்கும் வரி. இரண்டின் வித்தியாசம்தான் நீங்கள் படப்போகும் பாட்டுக்கான கூலி.

சிங்கப்பூர் இதற்கு நல்ல பாடம். மது, புகையிலை, மோட்டார் வாகனம், பெட்ரோலியப் பொருள் தவிர அங்கே சுங்க வரியே கிடையாது. ஜவ்வரிசிக்கோ கொலுசுக்கோ அங்கே சலுகைச் சான்றிதழ் எடுப்பது வீண் வேலை. இறக்குமதி ஜிஎஸ்டியை எந்தச் சான்றிதழும் குறைக்காது.

இலங்கைக்கு வேறு சிக்கல். ஒப்பந்தம் சுங்க வரியைத்தான் குறைக்கிறது. செஸ், துறைமுக-விமான நிலைய வரி, சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி, வாட் எல்லாம் அதற்கு மேல் நிற்கும். வங்கதேசத்திலும் துணை வரி, ஒழுங்குமுறை வரி என்று தனித்தனியாக உண்டு. "டூட்டி ஜீரோ" என்ற ஒரு சொல்லை நம்பி விலையை இறக்கிவிடாதீர்கள்; இறங்கும் இடத்தில் மொத்த வரிச் சுமை எவ்வளவு என்று கேளுங்கள்.

விலக்குப் பட்டியலையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நாடும் சில பொருள்களைச் சலுகைக்கு வெளியே வைத்திருக்கிறது. பார்க்க வேண்டியது இறக்குமதி செய்யும் நாட்டின் பட்டியலை. இந்தியாவின் பட்டியலைப் பார்த்துவிட்டு "நம்ம பொருள் இல்லை" என்று நிம்மதியாக இருப்பது புதியவர்கள் பலர் செய்வது.

5. சரக்கு தகுதி பெறுமா? இரண்டு சோதனைகள்

எல்லாமே இங்கேதான் முடிவாகிறது. நிதானமாகச் செய்யுங்கள்.

முழுக்க இங்கேயே விளைந்தது என்றால் சோதனையே இல்லை. சேர்வராயன் மலைத் தோட்டத்தில் பறித்த காபி, அங்கேயே நிழல் மரத்தில் படர்ந்த மிளகு, ஆத்தூர்ப் பக்கம் பிடுங்கிய கிழங்கிலிருந்து அரைத்த ஜவ்வரிசி எல்லாம் இந்த வகை. ஆதாரம் காட்டினால் போதும்.

வெளிநாட்டு மூலப்பொருள் கலந்தால் இரண்டு கேள்விகள் வரும். முதலாவது, கோடு மாறியதா? உள்ளே வந்த மூலப்பொருளின் கோடும் வெளியே போகும் பொருளின் கோடும் வேறாக இருக்க வேண்டும். இந்திய-இலங்கை ஒப்பந்தத்திலும் சாஃப்டாவின் பொது விதியிலும் முதல் நான்கு இலக்கம் மாற வேண்டும். ஆசியானில் ஆறு இலக்க அளவில் மாறினாலே போதும். ஆப்டாவின் பொது விதி மதிப்பை மட்டும் பார்க்கிறது.

இரண்டாவது, மதிப்பில் வெளிச் சரக்கு எவ்வளவு? எஃப்ஓபி விலையில், அதாவது கப்பலில் ஏற்றும் வரையிலான விலையில், அதன் பங்குக்கு உச்சவரம்பு உண்டு. இந்தியாவிலிருந்து போகும் சரக்குக்கு சாஃப்டாவில் 60 சதவீதம், இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 65, ஆசியானில் 65, ஆப்டாவில் 55. சில பொருள்களுக்குத் தனி விதி இருக்கும். அந்தப் பட்டியலையும் ஒரு முறை பாருங்கள்.

இப்போது ஒரு கணக்கு. ஆலையில் கிழங்கு வரத்து குறைந்த மாதத்தில் வியட்நாம் ஸ்டார்ச் வாங்கி ஜவ்வரிசி ஆக்குகிறீர்கள். ஒரு டன் ஜவ்வரிசியின் எஃப்ஓபி விலை ₹50,000. அதற்குச் செலவான ஸ்டார்ச்சின் சிஐஎஃப் மதிப்பு, அதாவது கப்பல் கட்டணமும் இன்ஷூரன்ஸும் சேர்ந்த மதிப்பு, ₹32,000. கோடு 1108-லிருந்து 1903-க்கு மாறிவிட்டது, முதல் சோதனையில் தேறியது. மதிப்பில் 32,000-ஐ 50,000-ஆல் வகுத்தால் 64 சதவீதம். இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் தகுதி உண்டு. சாஃப்டாவில் இல்லை, ஆப்டாவில் இல்லை. ஒரே மூட்டை, ஒரே கொழும்பு. படிவம் மாறினால் முடிவு மாறுகிறது.

அடுத்து பேரம். வாங்குபவர் கெஞ்சிக் கேட்க, டன்னுக்கு ₹1,000 குறைத்து ₹49,000 என்று ஒப்புக்கொள்கிறீர்கள். வெளிச் சரக்கின் பங்கு 65.3 சதவீதம் ஆகிவிட்டது. இலங்கைத் தகுதியும் போயிற்று. ஆயிரம் ரூபாய் தள்ளுபடி அவருக்கு முழு வரியாகத் திரும்புகிறது. விளிம்பில் நிற்கும் சரக்குக்குக் கணக்குப் போடாமல் விலை குறைக்கவே கூடாது.

ஸ்டார்ச்சை நீங்களே இறக்குமதி செய்யாமல் உள்ளூர் வியாபாரியிடம் வாங்கியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அவருடைய இறக்குமதி ஆவணமான பில் ஆஃப் என்ட்ரியின் நகல் உங்களிடம் இருந்தால் சிஐஎஃப் மதிப்பான ₹32,000-ஐக் காட்டலாம். நகல் இல்லையென்றால் நீங்கள் அவருக்குக் கொடுத்த விலைதான் கணக்கில் வரும். அதில் அவருடைய லாபமும், அவர் கட்டிய வரியும், லாரி வாடகையும் சேர்ந்திருக்கும். ₹34,000 கொடுத்திருந்தால் 68 சதவீதம். எந்த ஒப்பந்தத்திலும் தேறாது. அந்த ஒரு தாள் நகலை வாங்கும் நாளிலேயே கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் யாரும் தேடித் தரமாட்டார்கள்.

எங்கிருந்து வந்தது என்று தெரியாத பொருளும் வெளிச் சரக்குதான். "சேலத்தில்தானே வாங்கினோம்" என்பது பதில் ஆகாது.

அதே ஸ்டார்ச்சை வைத்துச் செய்ததை மலேசியாவுக்கு அனுப்பினால் கணக்கு நம் பக்கம் சாயும். வியட்நாமும் மலேசியாவும் ஆசியான்-இந்தியா ஒப்பந்தத்துக்குள் இருப்பதால், வியட்நாம் கொடுத்த ஆசியான்-இந்தியா பிறப்பிடச் சான்று கைவசம் இருந்தால், அந்த ஸ்டார்ச்சை நம் சரக்காகவே சேர்த்துக்கொள்ள விதி இடம் தருகிறது. சான்று இல்லாமல் முழு வரி கட்டி உள்ளே வந்த ஸ்டார்ச் என்றால் இந்த வசதி கிடையாது.

கொலுசு எதிர்மாறான கதை. வெள்ளிக் கட்டி 7106, கொலுசு 7113. கோடு அழகாக மாறுகிறது. ஆனால் ₹1,00,000 எஃப்ஓபியில் வெள்ளியே ₹92,000 என்றால், செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையின் கைவேலை எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் மதிப்புச் சோதனையில் நிற்காது. இறக்குமதி வெள்ளியில் செய்த கொலுசுக்குச் சலுகை கேட்டு விண்ணப்பிக்காதீர்கள். ராஜஸ்தான் துத்தநாகச் சுரங்கங்களோடு சேர்ந்து கிடைக்கும் உள்நாட்டு வெள்ளிக்குச் சுத்திகரிப்பாளரின் எழுத்துச் சான்று கிடைத்தால் கணக்கு முழுதாக மாறும். இங்கே சேகரித்த பழைய வெள்ளியை உருக்கியதும் விதிப்படி உள்நாட்டுச் சரக்காகலாம். ஆனால் கட்டிக்குக் கட்டி ஆதாரம் காட்டுவது மிகக் கடினம். எது எந்தக் கட்டியிலிருந்து வந்தது என்று உருக்கும் இடத்திலேயே பதிவேடு வைக்காதவர்கள் அந்த வழியில் இறங்க வேண்டாம்.

காபியில் கோடு மாற்றமே பொறி. பச்சைக் கொட்டை 0901.11, வறுத்தது 0901.21. இறக்குமதி ரோபஸ்டாவை வறுத்து அனுப்பினால் முதல் நான்கு இலக்கம் மாறவில்லை. இலங்கைக்கு நான்கு இலக்க விதியில் தகுதி கிடையாது. மலேசியாவுக்கு ஆறு இலக்கம் மாறியதே போதும், மதிப்பு வரம்பும் தேறினால் உண்டு. ஏற்காட்டு அரேபிகாவோடு வெளிநாட்டு ரோபஸ்டாவைக் கலக்கும் வறுவல்காரர்கள் ஏற்றுமதிக் கலவையைத் தனியாக, உள்நாட்டுக் கொட்டையில் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

தரம் பிரிப்பது, காயவைப்பது, சலிப்பது, மூட்டை மாற்றுவது ஆகியவை பிறப்பிடம் தராது. இலங்கை மிளகையோ வியட்நாம் மிளகையோ சேலத்தில் சுத்தம் செய்து பொட்டலம் கட்டினால் அது இந்திய மிளகு ஆகாது.

6. ஆதாரக் கோப்பு

கணக்கு முடிந்ததும் அதற்கான தாள்களை ஒரே கோப்பில் அடுக்குங்கள். கிழங்கு கொள்முதல் ரசீது, எடைமேடைச் சீட்டு, தோட்டக்காரரின் எழுத்து அறிவிப்பு, மூலப்பொருள் பில்கள், இறக்குமதிச் சரக்கென்றால் பில் ஆஃப் என்ட்ரி நகல், எத்தனை கிலோ உள்ளே போய் எத்தனை கிலோ வெளியே வந்தது என்ற உற்பத்திக் கணக்கு.

செலவுப் பட்டியல்தான் இதில் முதுகெலும்பு. மூலப்பொருள் ஒவ்வொன்றையும் பெயர், ஹெச்எஸ் கோடு, நாடு, மதிப்பு என்று வரிசையாக எழுதி, கூலி, மின்சாரம், பிற செலவு, லாபம், துறைமுகம் வரை லாரி வாடகை என்று கூட்டி எஃப்ஓபி விலையில் முடிக்க வேண்டும். கூட்டுத்தொகை பில்லில் உள்ள எஃப்ஓபியோடு ரூபாய்க்கு ரூபாய் பொருந்த வேண்டும்.

உள்ளூர்க் கிழங்குச் சரக்கும் இறக்குமதி ஸ்டார்ச் சரக்கும் ஒரே கிடங்கில் கலந்து கிடந்தால் இந்தக் கோப்பு நிற்காது. மூட்டைகளுக்குத் தொகுதி எண் போட்டுத் தனித்தனியாக அடுக்குங்கள். கிழங்குச் சரக்கைச் சுத்தமாகத் தனியே வைத்திருப்பவருக்கு எந்த ஒப்பந்தமும் தடையல்ல. மரவள்ளி போட்ட விவசாயிக்கும் அதனால்தான் விலை நிற்கும்.

7. பில்லும் ஷிப்பிங் பில்லும்

வாங்குபவர் சிஐஎஃப் விலை கேட்டாலும், எஃப்ஓபி, கப்பல் கட்டணம், இன்ஷூரன்ஸ் மூன்றையும் பில்லில் பிரித்துக் காட்டுங்கள். தகுதிக் கணக்கு எஃப்ஓபி மேல்தான். சிஐஎஃப் தொகையால் வகுத்துவிட்டு "60-க்குக் கீழேதான் வருது" என்று நம்புவது பலமுறை பார்த்த பிழை.

சுங்கத் துறையிடம் கொடுக்கும் ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில்லில் சரக்கு உருவான மாநிலம், மாவட்டம், எந்த ஒப்பந்தத்தின்கீழ் போகிறது என்ற விவரங்களைக் கேட்கும். புரோக்கர் தன் வழக்கப்படி எதையாவது நிரப்புவதற்கு முன் நீங்கள் எழுதிக் கொடுங்கள். அலுவலகம் சேலத்தில் இருந்து ஆலை ராசிபுரத்தில் இருந்தால், மாவட்டம் நாமக்கல். ஒப்பந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பிறகு சான்றிதழ் கேட்டால் தேவையில்லாத கேள்வி கிளம்பும்.

எடை, மூட்டை எண்ணிக்கை, மூட்டை மேல் குறி, பொருளின் பெயர் நான்கும் பில், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், சான்றிதழ் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். உள்நாட்டுப் பழக்கத்தில் 90 கிலோ மூட்டை என்று ஒரு தாளிலும், ஏற்றுமதிக்காக மாற்றிய 50 கிலோ மூட்டை என்று இன்னொரு தாளிலும் இருந்தால் அங்கே சரக்கு நிற்கும்.

8. சான்றிதழுக்கு விண்ணப்பித்தல்

விண்ணப்பம் டிஜிஎஃப்டியின் மின்னணுப் பிறப்பிடச் சான்றிதழ்த் தளமான இசிஓஓவில், ஐஇசி கணக்கு வழியாக. வரிசை இப்படி: நாடு, ஒப்பந்தம், சான்று தரும் அமைப்பு, பொருள் விவரம், தகுதி அடிப்படை, பில் விவரம், ஆவணங்கள், கட்டணம், கையொப்பம். அமைப்பு என்பது ஒப்பந்தத்தையும் பொருளையும் பொறுத்து டிஜிஎஃப்டி மண்டல அலுவலகமாகவோ, ஏற்றுமதி ஆய்வு முகமையாகவோ, ஜவுளிக்கு டெக்ஸ்டைல்ஸ் கமிட்டியாகவோ இருக்கும்.

முதல் திரையிலேயே ஒரு வழுக்கல் இருக்கிறது. சலுகைச் சான்றிதழும் சலுகை இல்லாத சாதாரண பிறப்பிடச் சான்றிதழும் இப்போது ஒரே தளத்தில்தான். சாதாரணச் சான்றிதழ் வர்த்தக சபையில் சுலபமாகக் கிடைக்கும். அது வரியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காது. காபிக்காரர்களுக்கு இன்னொரு குழப்பம்: காபி போர்டு வழியாகக் கிடைக்கும் ஐசிஓ பிறப்பிடச் சான்று சர்வதேச காபி அமைப்பின் கணக்குக்கானது, வரிச் சலுகைக்கானது அல்ல. காபிக்கு அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் கிடைத்த புவிசார் குறியீடு பெயருக்கான பாதுகாப்பு; அதுவும் இந்தச் சான்றிதழுக்கு மாற்று ஆகாது.

தகுதி அடிப்படை என்ற கட்டத்தில் எழுதும் குறி ஒவ்வொரு படிவத்திலும் வேறு. போன முறை சாஃப்டாவுக்கு எழுதியதை ஆசியான் படிவத்தில் அப்படியே எழுதிவிடாதீர்கள். படிவத்தின் பின்பக்கக் குறிப்புகளில் இருப்பதை மட்டும் பின்பற்றுங்கள்.

நேரமும் முக்கியம். ஆசியான்-இந்தியா சான்றிதழ் ஏற்றுமதியின்போதோ, கப்பலேறிய நாளிலிருந்து மூன்று வேலை நாளுக்குள்ளோ வழங்கப்பட வேண்டும். தவறினால் ஓராண்டுக்குள் பின்தேதிக் குறிப்போடு வாங்கலாம். ஆனால் அதற்குள் சரக்கு இறங்கி வாங்குபவர் முழு வரி கட்டியிருப்பார். ஷிப்பிங் பில் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். செலவுப் பட்டியல் முன்பே தயாராக இருந்தால் அரை மணி நேர வேலைதான்.

சான்றிதழில் பிழை கண்டால் பேனாவால் திருத்தாதீர்கள். தளத்திலேயே திருத்தம் கேட்டு மாற்றுச் சான்று வாங்குங்கள். கையால் அடித்த சான்றிதழை எதிர்முனைச் சுங்க அதிகாரி ஏற்க மாட்டார்.

9. சரக்கு போகும் பாதை

சலுகை நேரடியாகப் போகும் சரக்குக்குத்தான். நம் பக்கம் இது கவனிக்க வேண்டிய விஷயம், ஏனென்றால் தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் கண்டெய்னர்கள் பல கொழும்பில் கப்பல் மாறுகின்றன. மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் சரக்கு கொழும்பில் மாறினால், இலங்கை ஆசியான் ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ள நாடு.

அப்படி மாறுவது தடையல்ல. ஆனால் தூத்துக்குடி முதல் கிள்ளான் வரை ஒரே பில் ஆஃப் லேடிங், அதாவது கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது, இருக்க வேண்டும். இடையில் சரக்கு சுங்கக் கட்டுப்பாட்டிலேயே இருந்திருக்க வேண்டும், விற்பனையோ வேறு வேலையோ நடந்திருக்கக் கூடாது. ஏற்றி இறக்குவதும் கெடாமல் காப்பதும் மட்டும் அனுமதி. கப்பலில் இடம் பிடித்துத் தரும் முகவரான ஃபார்வர்டர் கொழும்பு வரை ஒன்று, அங்கிருந்து ஒன்று என்று இரண்டு பில் போட்டால் தொடர்பு அறுந்துவிடும். புக்கிங் செய்யும்போதே இதைச் சொல்லுங்கள். கப்பல் கிளம்பிய பிறகு மாற்றுவது பெரும் அலைச்சல்.

10. வாங்குபவர் செய்ய வேண்டியதும், பின்னால் வரும் கேள்வியும்

சலுகையைக் கோருவது வாங்குபவர்தான். அவர் தன் இறக்குமதி ஆவணத்தில் ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டு, சான்றிதழைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சரக்கு இறங்குமுன் சான்றிதழ் அவர் கைக்குப் போய்ச் சேரட்டும். அந்த நாட்டுச் சுங்கத்துக்கு மின்னணு நகல் போதுமா, அச்சிட்ட தாள் வேண்டுமா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

மாதங்கள் கழித்து அந்த நாட்டுச் சுங்கத் துறை சந்தேகம் எழுப்பி, நம் அமைப்புக்கு எழுதலாம். அமைப்பு உங்களிடம் விளக்கம் கேட்கும். ஆறாம் படியில் அடுக்கிய கோப்பு அன்றைக்குத்தான் பேசும். குறித்த கெடுவுக்குள் பதில் போகாவிட்டால் வாங்குபவர் விட்ட வரியைக் கட்ட வேண்டிவரும். அடுத்த சரக்குகளும் சந்தேகப் பட்டியலில் நிற்கும். கோப்பை ஐந்தாண்டு பத்திரமாக வையுங்கள்.

11. நீங்கள் இறக்குமதி செய்பவராக இருந்தால்

இந்தோனேசியாவிலிருந்து விஸ்கோஸ் நூலோ, தாய்லாந்திலிருந்து ஸ்டார்ச்சோ சலுகை வரியில் வாங்கினால், 2020 செப்டம்பர் 21 முதல் பொறுப்பு உங்கள் மேலும் இருக்கிறது. சுங்கச் சட்டத்தின் 28டிஏ பிரிவும், சலுகை இறக்குமதியின் பிறப்பிடத்தைச் சரிபார்ப்பதற்கான காரோட்டார் விதிகளும், "சான்றிதழ் கொடுத்தார்கள், நான் நம்பினேன்" என்பதை ஏற்பதில்லை. பொருள் எப்படி அந்த நாட்டில் உருவானது, எந்த விதிப்படி தகுதி பெற்றது, வெளிச் சரக்கு எவ்வளவு என்ற குறைந்தபட்சத் தகவல் படிவம் ஒன்றின்படி, சலுகை கோருவதற்கு முன்பே உங்களிடம் இருக்க வேண்டும். சுங்க அதிகாரி கேட்டால் பத்து வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஐந்தாண்டு வைத்திருக்கவும் வேண்டும்.

நடைமுறையில் ஆர்டர் போடும் கடிதத்திலேயே விற்பவரிடம் மூன்றைக் கேளுங்கள்: நூலுக்கான இழை எந்த நாட்டுடையது, அதன் ஹெச்எஸ் கோடு என்ன, எஃப்ஓபியில் வெளிச் சரக்கின் பங்கு எத்தனை சதவீதம். செலவு விவரம் ரகசியம் என்று அவர் தயங்கினால், கேட்கும்போது இந்தியச் சுங்கத்துக்கு நேரடியாகக் கொடுப்பதாக எழுதித் தரச் சொல்லுங்கள். அதையும் தர மறுப்பவரிடம் முழு வரி போட்டே விலையைக் கணக்கிடுங்கள்.